வாக்குறுதியின் கணக்கு

நுழையும்முன்

ஆசிரியப் பணியில் சேரும் ஒருவருக்கு அரசு அளிக்கும் உறுதிகளுள் மிக நீண்ட காலத்திற்குரியது ஓய்வூதியம். அவர் பணியில் இருக்கும் ஆண்டுகளிலும், ஓய்வுபெற்றபின் வாழும் ஆண்டுகளிலும், அவருக்குப்பின் அவருடைய துணைவர் வாழும் ஆண்டுகளிலும் அவ்வுறுதி காக்கப்பட வேண்டும். இருபத்தைந்து வயதில் பணியேற்பவருக்குத் தரும் சொல் அறுபது ஆண்டுகளுக்குமேல் நிற்க வேண்டியிருக்கும். அத்தகைய சொல்லைக் காக்கும் பணியைத் தம் தொழிலாகக் கொண்ட ஒருவரின் பணிவாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

*

கனடா நாட்டின் மாநிலங்களுள் மக்கள்தொகை மிகுந்தது ஒன்டாரியோ. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையினராய் வாழும் டொராண்டோ நகரமே அதன் தலைநகர். அம்மாநிலப் பள்ளி ஆசிரியர்களுக்கென 1917ஆம் ஆண்டிலேயே ஓய்வூதியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. மாதந்தோறும் ஆசிரியர்களின் ஊதியத்திலிருந்து ஒரு பங்கு பிடித்தம் செய்யப்பட்டது. அரசும் தன் பங்கைச் செலுத்தியது. இவ்வாறு சேர்ந்த பணம் எங்கே சென்றது என்பதில்தான் சிக்கல் இருந்தது.

பல்லாண்டுகளாக அந்நிதி முழுவதும் ஒன்டாரியோ அரசின் கடன்பத்திரங்களிலேயே முடங்கிக் கிடந்தது. அவை சந்தையில் விற்க இயலாத தனிவகைப் பத்திரங்கள். எளிமையாகச் சொன்னால், ஆசிரியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை அரசு தானே கடனாகப் பெற்று, அதற்கு வட்டி கொடுத்து வந்தது. பணத்தைத் தரவேண்டியவரும் அதனைக் கடனாகப் பெற்றவரும் ஒருவரே. இம்முறையில் அரசுக்கு எளிதாகக் கடன் கிடைத்தது. ஆனால், ஆசிரியர்களின் நிதி பெருகவேண்டிய அளவுக்குப் பெருகவில்லை. ஓய்வூதியம் விலைவாசிக்கு ஏற்ப உயரும் என்ற உறுதியும் அவர்களுக்கு அளிக்கப்பட்டிருந்ததால், 1980களின் இறுதியில் நிதிக்கும் கடமைக்கும் இடையே பெரும் பள்ளம் தோன்றியது.

இந்நிலையை மாற்ற ஒன்டாரியோ அரசு சட்டம் இயற்றியது. 1990ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் 'ஒன்டாரியோ ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம்' தன்னாட்சி பெற்ற அமைப்பாகச் செயல்படத் தொடங்கியது. கனடாவின் நடுவண் வங்கியில் ஆளுநராகப் பணியாற்றிய ஜெரால்ட் பூயி அதன் வாரியத்திற்கு முதல் தலைவரானார். அன்றாட நிருவாகத்தை நடத்தும் முதல் தலைமைச் செயல் அலுவலராகக் கிளாட் லமுரூ அமர்த்தப்பட்டார்.

கணிப்பாளர் ஒருவரின் பார்வை

லமுரூ பிரெஞ்சு மொழி பேசும் கனடியர். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்திலும் லவால் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். அவர் பங்குச்சந்தையில் வளர்ந்தவர் அல்லர், காப்பீட்டுக் கணிப்பாளர். மனிதர் எத்தனை ஆண்டுகள் வாழ்வர், எத்தனைபேர் எந்த வயதில் இறப்பர், அதற்கென இன்று எவ்வளவு பணம் ஒதுக்கவேண்டும் என்று கணக்கிடுவதே அத்தொழில். 'ஆக்சுவரி' என்று ஆங்கிலவழி அறியப்படும் இத்துறையில், 'மெட்ரோபாலிட்டன் லைப்' என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் கனடாவிலும் அமெரிக்காவிலுமாக அவர் 25 ஆண்டுகள் பணியாற்றியிருந்தார்.

இப்பின்னணி சிறிய செய்தி அன்று. முதலீட்டாளர் முதலில் கேட்கும் வினா, 'எவ்வளவு ஈட்டலாம்?' என்பது. கணிப்பாளர் முதலில் கேட்பதோ, 'எவ்வளவு கொடுக்கவேண்டியுள்ளது?' என்பது. லமுரூ இரண்டாம் வினாவிலிருந்தே தொடங்கினார். நிதியத்தின் வெற்றியைச் சந்தையோடு மட்டும் ஒப்பிட்டு அளப்பது போதாது. ஓய்வுபெற்றோர்க்குத் தரவேண்டிய தொகையோடும் ஒப்பிட்டே அளக்கவேண்டும் என்பது அவருடைய அணுகுமுறையாக இருந்தது.

முதலீட்டுப் பிரிவின் தலைமைக்கு ராபர்ட் பெர்ட்ரம் என்பவரை அவர் தேர்ந்தெடுத்தார். ஆல்பர்ட்டா மாநிலத் தொலைபேசி நிறுவனத்தின் நிதித்துறையில் பணியாற்றியவர் அவர். இருவரும் பதினேழு ஆண்டுகள் இணைந்து பணியாற்றினர். லமுரூவின் சாதனைகளாக எண்ணப்படுபவற்றுள் பலவற்றில் பெர்ட்ரமுக்குச் சமபங்கு உண்டு.

விற்க முடியாததை மாற்றிக்கொள்ளுதல்

தொடக்கத்தில் அவர்கள் கையில் ஏறத்தாழ 1,900 கோடி கனடிய டாலர் இருந்தது. ஆனால், அது கையில் இருந்தது என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அது விற்க முடியாத அரசுப் பத்திரங்களாகவே இருந்தது. பங்குகள் வாங்க விரும்பினாலும் பத்திரங்களை விற்றுப் பணமாக்க வழியில்லை. புதிதாக வரும் பிடித்தத் தொகையை மட்டும் நம்பியிருந்தால் முதலீட்டின் அமைப்பை மாற்ற நெடுங்காலம் ஆகியிருக்கும்.

அவர்கள் கண்ட வழி, 'பரிமாற்ற ஒப்பந்தம்' என்பது. ஓர் உவமையால் இதனை விளக்கலாம். ஒருவரிடம் விற்க இயலாத நன்செய் நிலம் உள்ளது. அதிலிருந்து ஆண்டுதோறும் மாறாத குத்தகை வருகிறது. அவருக்கு மாந்தோப்பின் விளைச்சலில் விருப்பம். தோப்பு வைத்திருப்பவருக்கோ விளைச்சல் ஏறி இறங்குவது கவலை தருகிறது. நிலத்தை விற்காமலும் தோப்பை வாங்காமலும், 'என் குத்தகையை நீ பெற்றுக்கொள். உன் விளைச்சலை எனக்குக் கொடு' என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். நிதியமும் இவ்வாறே, பத்திரங்களின் வட்டியை வங்கிகளுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பங்குச்சந்தைக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தைப் பெற்றுக்கொண்டது.

இவ்வொப்பந்தங்கள் மற்றொரு தடையையும் கடக்க உதவின. ஓய்வூதிய நிதியங்கள் தம் சொத்தில் சிறு பங்கையே வெளிநாடுகளில் முதலீடு செய்யலாம் என்று அக்காலக் கனடியச் சட்டம் வரையறுத்திருந்தது. 10 விழுக்காடாக இருந்த அவ்வரம்பு படிப்படியாக 30 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டு, 2005ஆம் ஆண்டில் முற்றிலும் நீக்கப்பட்டது. அதுவரை, வெளிநாட்டுப் பங்குகளை நேரடியாக வாங்காமலே அவற்றின் பயனைப் பெற இம்முறை வழிசெய்தது. ஆசிரியர்களின் சேமிப்பைக் கொண்டு இத்தகைய ஒப்பந்தங்களில் இறங்குவது அந்நாளில் துணிச்சலான செயலாகவே கருதப்பட்டது.

உரிமையாளராய் நடந்துகொள்ளுதல்

பங்குகளோடு நிதியம் நின்றுவிடவில்லை. வணிக வளாகங்களைக் கட்டி நடத்தும் 'காடிலாக் ஃபேர்வியூ' நிறுவனத்தைப் படிப்படியாக வாங்கி முழு உரிமையாளரானது. டொராண்டோவின் நடுவில் கண்ணாடிக் கூரையுடன் விளங்கும் ஈட்டன் சென்டர் அந்நிறுவனத்தைச் சேர்ந்தது. கடையின் வாடகை விலைவாசியோடு சேர்ந்து உயரும்; ஓய்வூதியமும் விலைவாசியோடு சேர்ந்து உயரும். ஆகவே, வாடகை வருவாய் ஓய்வூதியக் கடமைக்குப் பொருத்தமான துணை. கணிப்பாளரின் பார்வை இத்தகைய தேர்வுகளில் வெளிப்படுகிறது. கனடிய அரசு 1991 முதல் வெளியிட்ட, பணவீக்கத்துக்கு ஏற்ப மதிப்பு உயரும் பத்திரங்களை நிதியம் வாங்கிக் குவித்ததற்கும் இதுவே காரணம்.

'மேப்பிள் லீஃப்ஸ்' என்னும் டொராண்டோ பனிவளைகோல் அணியின் உரிமை நிறுவனத்திலும் நிதியம் 1994இல் பங்கு வாங்கியது. கனடாவில் அவ்விளையாட்டின் மீதுள்ள பற்று நம் நாட்டில் மட்டைப்பந்தின் மீதுள்ள பற்றுக்கு இணையானது. நகரமே கொண்டாடும் அணிக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் உரிமையாளர்களாயினர். அவர்கள் காலத்தில் அவ்வணி ஒருமுறைகூடக் கோப்பையை வெல்லவில்லை. அதன் கடைசி வெற்றி 1967ஆம் ஆண்டிற்குரியது. எனினும், 2012இல் நிதியம் தன் பங்கை விற்றபோது கிடைத்த தொகை 132 கோடி டாலர். அணியின் தோல்விகள் ஓய்வூதியத்தைப் பாதிக்கவில்லை.

பெரும் பங்குதாரர் வாய்மூடி இருத்தலாகாது என்பதில் லமுரூ உறுதியாக இருந்தார். நிறுவனங்களின் மேலாளர்களுக்கு அளவின்றி வழங்கப்பட்ட ஊதியத்தையும் பங்குச் சலுகைகளையும் வெளிப்படையாக எதிர்த்தார். பங்குதாரர் கூட்டங்களில் நிதியம் எவ்வாறு வாக்களிக்கிறது என்பதைப் பொதுமக்கள் அறியச் செய்தார். நோர்டெல் என்னும் கனடியத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணக்குகள் பிழையானவை என்று தெரியவந்தபோது, பாதிக்கப்பட்ட பங்குதாரர்கள் சார்பில் வழக்காடுவதில் நிதியம் முன்னின்றது. 2002ஆம் ஆண்டில் மூத்த முதலீட்டாளரான ஸ்டீஃபன் ஜரிஸ்லவ்ஸ்கியுடன் சேர்ந்து, நல்ல நிறுவன நிருவாகத்திற்கான கனடியக் கூட்டமைப்பை லமுரூ தோற்றுவித்தார்.

இவ்வனைத்துக்கும் அடிப்படையாய் இருந்தது தன்னாட்சி. வாரிய உறுப்பினர்களுள் நால்வரை அரசும் நால்வரை ஆசிரியர் கூட்டமைப்பும் அமர்த்தின. தலைவரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுத்தன. அமர்த்தப்பட்டபின் அவர்கள் தம்மை அனுப்பியவர்களுக்காகச் செயல்படலாகாது. ஓய்வூதியம் பெறுவோர் நலனையே கருதவேண்டும். எந்தத் தொழிற்சாலையில் முதலீடு செய்யவேண்டும், எந்தச் சாலைக்குப் பணம் தரவேண்டும் என்று அமைச்சர் எவரும் ஆணையிட இயலாது. திறமையான முதலீட்டு வல்லுநர்களை வெளிச்சந்தைக்கு இணையான ஊதியம் கொடுத்து உள்ளேயே அமர்த்திக்கொள்ளும் உரிமையும் நிதியத்துக்கு இருந்தது. இவ்வூதியம் வகுப்பறை ஆசிரியரின் ஊதியத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. பொதுநலப் பணிக்கு இது தகுமா என்ற வினா இயல்பாக எழக்கூடியதே. வெளி நிறுவனங்களிடம் நிதியை ஒப்படைத்தால் கட்டணமாகச் செல்லும் தொகை இதனினும் மிகும் என்பது அதற்குத் தரப்படும் விடை. அவ்விடையில் உண்மை உண்டு. என்றாலும் வினாவின் கூர்மை அதனால் முற்றிலும் மழுங்கிவிடுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

ஒன்டாரியோவில் உருவான இந்த நிருவாக முறையைப் பிற கனடிய நிதியங்களும் பின்பற்றின. அரசின் குறுக்கீடற்ற வாரியம், உள்ளேயே முதலீட்டு வல்லுநர்கள், கட்டடங்களிலும் அடிப்படைக் கட்டமைப்புகளிலும் நேரடி முதலீடு ஆகியவற்றைக் கொண்ட இம்முறை உலக அளவில் 'கனடிய முறை' என வழங்கப்படுகிறது. உலக வங்கி இதன் வளர்ச்சியை ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது.

உபரி தந்த சோதனை

1990களில் சந்தைகள் உயர்ந்தன, நிதியமும் செழித்தது. பழைய பற்றாக்குறையை ஈடுசெய்ய அரசு செலுத்திவந்த சிறப்புத் தவணைகள் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தேவையற்றவை ஆயின. கடமைக்கு மேற்பட்ட பணம் இருப்பதாகக் கணக்குகள் காட்டின. அந்த உபரியை என்ன செய்வது?

இதனைத் தீர்மானிக்கும் உரிமை லமுரூவுக்கு இல்லை. முதலீடு நிருவாகத்தின் பொறுப்பு. ஓய்வூதியம் எவ்வளவு, எந்த வயதில் என்பவை அரசும் ஆசிரியர் கூட்டமைப்பும் கூடி முடிவுசெய்பவை. அவ்விரு தரப்பும் உபரியைப் பயன்படுத்தி ஆசிரியர்களுக்குச் சலுகைகளை வழங்கின. அவற்றுள் பெரியது ஓய்வுபெறும் வயது பற்றியது. அதற்கு முன், ஆசிரியரின் வயதையும் பணியாண்டுகளையும் கூட்டினால் 90 வரும்போது முழு ஓய்வூதியம் கிடைத்தது. 1998 முதல் அந்தக் கூட்டுத்தொகை 85 ஆகக் குறைக்கப்பட்டது.

ஐந்து என்னும் இவ்வெண் சிறியதாகத் தோன்றும். 25 வயதில் பணியில் சேர்ந்த ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். பழைய விதிப்படி அவர் ஐம்பத்தேழரை வயதுவரை பணியாற்ற வேண்டும். புதிய விதிப்படி 55 வயதில் ஓய்வுபெறலாம். இரண்டரை ஆண்டுகளுக்கு அவரிடமிருந்து பிடித்தம் வராது. அதே இரண்டரை ஆண்டுகளுக்கு அவருக்கு ஓய்வூதியம் கொடுக்கவும் வேண்டும். இழப்பு இருமுறை நேர்கிறது. பல்லாயிரம் ஆசிரியர்களுக்கு இதனைப் பெருக்கிப் பார்த்தால் அதன் எடை விளங்கும். நல்ல ஆண்டுகளில் கிடைத்த ஈட்டம் நிலையற்றது. அதனைக் கொண்டு வழங்கிய சலுகையோ நிலையானது.

இதற்கிடையே, சந்தைக்குத் தொடர்பில்லாத இரு மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன. முதலாவது, ஆசிரியர்களின் எண்ணிக்கை விகிதம். 1970ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பணியிலிருக்கும் ஆசிரியர் பத்துப்பேர் இருந்தனர். 1990இல் அது நான்கு பேராயிற்று. லமுரூ ஓய்வுபெறும் காலத்தில் ஒருவருக்கு இருவர்கூட இல்லை. பணியாற்றிய ஆண்டுகளைவிட ஓய்வூதியம் பெறும் ஆண்டுகள் மிகும் நிலை உருவானது. நூறு வயதைக் கடந்தும் ஓய்வூதியம் பெறுவோர் இத்திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளனர். ஆயுள் நீள்வதைக் கண்டு உலகம் மகிழ்கிறது. கணிப்பாளரும் மகிழ்ந்துகொண்டே தம் கணக்கைத் திருத்துகிறார்.

இரண்டாவது மாற்றம் வட்டி வீதத்தில் நேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குப்பின் 100 டாலர் கொடுக்கவேண்டும் எனில் இன்று எவ்வளவு ஒதுக்கவேண்டும்? ஆண்டுக்கு 4 விழுக்காடு வளரும் எனக் கொண்டால் ஏறத்தாழ 31 டாலர் போதும். 2 விழுக்காடே வளரும் எனக் கொண்டால் 55 டாலர் வேண்டும். கொடுக்கவேண்டிய தொகை மாறவில்லை. கொடுக்கும் நாளும் மாறவில்லை. ஆயினும், இன்றைய கடமை ஒன்றே முக்கால் மடங்காகிவிடுகிறது. 1990களின் தொடக்கத்தில் பணவீக்கம் நீங்கலாக 4 விழுக்காட்டுக்கு மேல் வருவாய் தந்த கனடியப் பத்திரங்கள், 2007 வாக்கில் 2 விழுக்காட்டின் அருகில் வந்து நின்றன.

விடைபெற்ற ஆண்டு

2007 டிசம்பரில் லமுரூ பணியிலிருந்து ஓய்வுபெற்றார். ஜிம் லீச் அவருக்கு அடுத்து அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டின் இறுதியில் நிதியத்தின் சொத்து 10,850 கோடி டாலர். தொடங்கிய 1,900 கோடி ஐந்து மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காட்டுக்கு மேல் வருவாய் ஈட்டப்பட்டிருந்தது. இத்துறையில் இது மிகச் சிறந்த சாதனை என்பதில் ஐயமில்லை.

அதே நாளில் எடுக்கப்பட்ட மற்றொரு கணக்கு, எதிர்காலக் கடமையோடு ஒப்பிட நிதியத்தில் 1,270 கோடி டாலர் குறைவதாகக் காட்டியது.

முதல் கணக்கை மட்டும் படிப்போர் லமுரூவை வெற்றியாளர் என்பர். இரண்டாவதை மட்டும் படிப்போர் தோற்றவர் என்பர். இரண்டும் ஒரே நிதியத்தின் ஒரே நாளின் கணக்குகளே. முதலீட்டாளரின் திறமையால் சந்தையை வெல்லக்கூடும். ஆயுளின் நீட்சியையும் வட்டியின் வீழ்ச்சியையும் பெருந்தன்மையோடு வழங்கப்பட்ட சலுகைகளையும் அத்திறமையால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. நிதியத்தின் ஆண்டறிக்கைகள் இரண்டாம் கணக்கை மறைக்காமல் வெளியிட்டன. நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டு விடைபெறும் வாய்ப்பு இருந்த ஆண்டில், கெட்ட செய்தியும் அதன் பக்கத்திலேயே அச்சிடப்பட்டது. அவருடைய பணிவாழ்வில் பெரிதும் மதிக்கத்தக்கது இதுவே.

அவர் காலத்தில் தொடங்கிய மிகப்பெரிய முயற்சி ஒன்று நிறைவேறாமலே போயிற்று. கனடாவின் பெரும் தொலைத்தொடர்பு நிறுவனமான பி.சி.இ.யைக் கடன் உட்பட 5,170 கோடி டாலருக்கு வாங்க நிதியத்தின் தலைமையிலான குழு 2007 சூனில் ஒப்பந்தம் செய்தது. வாங்கியபின் அக்கடன் சுமையை அந்நிறுவனம் தாங்காது என்று தணிக்கை நிறுவனம் கருத்துரைத்ததால், 2008 டிசம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. உலகப் பொருளாதாரம் சரிந்த அவ்வாண்டில் நிதியம் 18 விழுக்காடு இழப்பைச் சந்தித்தது. சொத்து 8,740 கோடி டாலராகச் சுருங்கியது. பெருங்கடன் சுமந்த அந்நிறுவனமும் அச்சரிவின்போது நிதியத்தின் தோளில் ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். சில வேளைகளில் கைகூடாமையும் நற்பேறு.

பற்றாக்குறையைத் தீர்க்கும் சுமையை ஆசிரியர்களும் அரசும் பகிர்ந்துகொண்டனர். 2007 முதல் மூன்றாண்டுகளில் இரு தரப்பின் பங்களிப்பு வீதமும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. இளம் ஆசிரியர்கள், தமக்கு முன்னோர் செலுத்தியதைவிட மிகுதியாகச் செலுத்தலாயினர். விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியம் முழுமையாக உயரும் என்ற பழைய உறுதியும் மாற்றம் பெற்றது. 2009ஆம் ஆண்டுக்குப்பின் ஆற்றும் பணிக்கு, நிதியத்தின் நிலை இடங்கொடுத்தால் மட்டுமே முழு உயர்வு கிடைக்கும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அதன்படி, ஓய்வுபெற்றோர் சில ஆண்டுகள் குறைந்த உயர்வையே பெற்றனர். 2013 முதல் நிதியமும் கடமையும் மீண்டும் சமநிலையை எட்டின. நிறுத்தி வைக்கப்பட்டிருந்த முழு உயர்வு 2018ஆம் ஆண்டில் ஓய்வூதியர்களுக்குத் திரும்ப வழங்கப்பட்டது.